மெரோபெனம் ஊசியை ஒருமுறையும் போடாதவருக்கு அது பலிக்காமல் போவது எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த முதியவர் ஒருவருக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி பலனளிக்காமல் போனதைப் பற்றிக் கடந்த வாரம் தங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்தியில், "அவருடைய உடல் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குப் பழகிவிட்டது" என்றொரு வரி இருந்தது. மருத்துவமனை ஆய்வகம் ஒன்றின் நுண்ணுயிரியல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்த வரியை நான் நன்கு அறிவேன். ரிப்போர்ட் வாங்க வரும் உறவினர்கள் ஆய்வக ஜன்னலருகே நின்று இதையேதான் சொல்வார்கள். விளக்கிச் சொல்ல நேரமில்லாத மருத்துவர்களும் சில சமயம் இப்படிச் சொல்லி முடித்துவிடுவதுண்டு. கேட்பவர் மனத்தில் இது ஒரு தவறான முடிவை விதைத்துவிடுகிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாத்திரை விழுங்கியவர் தமக்குத் தாமே இதை வரவழைத்துக்கொண்டார் என்று குடும்பமே நம்பத் தொடங்குகிறது. ஆனால் அதே செய்தியின் பிற்பகுதியில், அந்த முதியவர் அதற்கு முன் மெரோபெனம் ஊசியை ஒருமுறைகூடப் போட்டுக்கொண்டதில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. ஒருமுறையும் உடலுக்குள் போகாத மருந்துக்கு உடல் எப்படிப் பழகியிருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால்தான் நாம் எங்கே தவறுகிறோம் என்பது தெரியும் என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மருந்து வேலை செய்யும் விதத்திலிருந்து தொடங்குகிறேன். பாக்டீரியா அநேகமாக ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி வலைபோல் பின்னப்பட்ட சுவர் ஒன்றை வைத்திருக்கிறது. அது வளர வளர அந்த வலையில் புதிய கண்ணிகளைக் கோத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோக்கும் வேலையைச் செய்பவை சில நொதிகள். பென்சிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றிலும் நான்கு அணுக்களால் ஆன ஒரு சிறு வளையம் உண்டு. பீட்டா-லாக்டம் வளையம் என்பது அதன் பெயர். மருந்தைச் சுவர் கட்டும் சரக்கு என்று எண்ணி நொதி பற்றிக்கொள்கிறது. பற்றிய வேகத்தில் வளையம் திறந்து நொதியோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் அந்த நொதியால் வேறு வேலை செய்ய இயலாது. சுவர் பலவீனப்பட்டுக் கிருமி வெடித்து மடிகிறது. பென்சிலின், செஃபலோஸ்போரின், மெரோபெனம் சேர்ந்த பிரிவான கார்பபெனம் ஆகிய எல்லாவற்றின் ஆற்றலும் அந்தச் சிறு வளையத்தில்தான் இருக்கிறது. அந்த வளையத்தை முன்கூட்டியே வெட்டிவிடும் நொதி கிருமியிடம் இருந்தால் மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம்.

கார்பபெனம் மருந்துகளின் மூலப்பொருளான தியெனமைசின் 1976இல் ஸ்ட்ரெப்டோமைசஸ் கேட்லியா என்னும் மண் பாக்டீரியாவிலிருந்து கண்டறியப்பட்டது. அதைச் சற்று மாற்றி உருவாக்கிய இமிபெனம், சிறுநீரகத்திலுள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடாதபடி சைலாஸ்டாட்டின் என்ற துணை மருந்துடன் சேர்த்து 1985இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. துணை தேவைப்படாத மெரோபெனம் 1996இல் அங்கு ஒப்புதல் பெற்றது. இவற்றின் தனிச்சிறப்பு, வளையத்தை ஒட்டி அமைந்திருக்கும் ஒரு பக்கக் கிளை. பென்சிலினையும் செஃபலோஸ்போரினையும் வெட்டித் தள்ளும் சாதாரண நொதிகள் நெருங்க முடியாதபடி அது வளையத்தை மறைத்து நிற்கிறது. ஆகவே இ.எஸ்.பி.எல். எனப்படும் நொதிகள் பரவி, செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின் ஊசிகள் தோற்கத் தொடங்கியபோது, மருத்துவர்கள் இயல்பாகவே கார்பபெனம் பக்கம் திரும்பினார்கள். அதில் பிழை இல்லை. வேறு வழியும் இல்லை. ஆனால் கடைசிக்கென்று வைத்திருந்த மருந்து அன்றாட மருந்தாகிப் போனது அப்போதுதான்.

இந்த மருந்தைக் கிருமிகள் மூன்று வழிகளில் வெல்கின்றன. முதலாவது, கதவை அடைப்பது. கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்குச் சுவருக்கு வெளியே இன்னொரு சவ்வும் உண்டு. உணவுச் சத்துகள் நுழைவதற்கான நுண்துளைகள் அதில் இருக்கின்றன. இமிபெனம் சூடோமோனாசுக்குள் செல்வது ஓப்ர்-டி என்ற துளை வழியாக. மரபணு மாற்றத்தால் அத்துளையை இழந்த சூடோமோனாஸ் இமிபெனத்துக்குக் கட்டுப்படாது. இரண்டாவது, உள்ளே வந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளும் பம்புகளைக் கூடுதலாகச் செய்துகொள்வது. இவ்விரண்டும் பெரும்பாலும் அந்தந்த நோயாளியின் உடலில், மருந்தின் நெருக்கடியில், எதேச்சையான மரபணுப் பிழைகளிலிருந்து தேர்வாகி எழுபவை. துளையை அடைத்தால் சத்தும் குறையும் என்பதால், அக்கிருமி சில நேரம் தன் வளர்ச்சியையே விலையாகக் கொடுக்கிறது.

மூன்றாவது வழிதான் நம் நாட்டின் தலைவலி. கார்பபெனத்தின் வளையத்தையே வெட்டும் கார்பபெனமேஸ் நொதிகள் அவை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1996இல் சேகரிக்கப்பட்ட கிளெப்சியெல்லாவில் காணப்பட்டு 2001இல் அறிவிக்கப்பட்ட கே.பி.சி. ஒன்று, ஆக்ஸா-48 குடும்பம் மற்றொன்று, துத்தநாக அணுக்களைக் கத்தியாகப் பயன்படுத்தும் என்.டி.எம். மூன்றாவது. என்.டி.எம். நொதியின் உள்ளே இரண்டு துத்தநாக அயனிகள் ஒரு நீர் மூலக்கூற்றைப் பிடித்து நிறுத்தி, அதைக் கொண்டு வளையத்தைப் பிளந்துவிடுகின்றன. பக்கக் கிளையின் மறைப்பு இதனிடம் எடுபடுவதில்லை. இத்தகைய துத்தநாக நொதிகள் மனிதன் மருந்து செய்வதற்கு முன்பே மண்ணிலும் நீரிலும் வாழும் சில பாக்டீரியாக்களிடம் இருந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணிலிருந்து மருந்து வந்ததுபோல் அதற்கு மாற்றும் மண்ணிலேயே இருந்தது. அதை நோயாளியின் படுக்கை வரை அழைத்து வந்தது நாம்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்தவன் அல்லன். கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து ஊறிய சிறு வட்டத் தாளை அதன்மேல் வைத்து இரவு முழுதும் இன்குபேட்டரில் வைத்தால், மருந்து வேலை செய்யுமானால் மறுநாள் காலை அத்தாளைச் சுற்றித் தெளிவான ஒரு வட்டம் இருக்கும். இமிபெனம் தாளைச் சுற்றி 28 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டம் விழுவது எங்களுக்கு வழக்கமான காட்சி. மற்ற எல்லாத் தாள்களையும் கிருமி மூடிவிட்ட தட்டில்கூட அந்த ஒரு வட்டம் நிலாப்போல் நிற்கும். வார்டுக்கு போன் செய்து "இமிபெனம் இருக்கிறது சார்" என்று சொல்லும்போது எங்களுக்கே ஒரு நிம்மதி. பிறகு ஒரு காலைப்பொழுதில், தாளின் விளிம்பு வரை கிருமி வளர்ந்திருந்தது. தாள் கெட்டுப்போயிருக்கும் என்று புதுக் குப்பியைத் திறந்து மீண்டும் வைத்தோம். மறுநாளும் அப்படியே. சில ஆண்டுகளில் அது வியப்புக்குரியதாகவே இல்லாமல் போனது. அந்த வியப்பு எங்களை விட்டுப் போனதைத்தான் இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

என்.டி.எம்.-1இன் வரலாற்றில் சென்னைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. புதுதில்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரிடம் 2008இல் கண்டறியப்பட்ட இந்த நொதியைப் பற்றி 2009இல் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை லான்செட் தொற்றுநோய் இதழில் வெளியாயிற்று. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று இந்நொதி கொண்ட கிருமிகளை அது பதிவு செய்தது. நொதிக்கு நம் தலைநகரின் பெயரை (என்.டி. என்பது 'நியூ டெல்லி') வைத்தது பற்றி எழுந்த சர்ச்சையில் அக்கட்டுரையின் உள்ளடக்கம் பலர் கண்ணில் படாமல் போனது. ஹரியானாவில் கிடைத்த கிளெப்சியெல்லாக்கள் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. அதாவது ஒரே கிருமி ஆளுக்கு ஆள் பரவியிருந்தது. சென்னையிலும் பிரிட்டனிலும் கிடைத்தவையோ வெவ்வேறு வம்சத்தவை. ஆயினும் அவை சுமந்திருந்தது ஒரே மரபணு. கிருமி பயணம் செய்வது ஒருபுறம் இருக்க, மரபணு தனியே கிருமி விட்டுக் கிருமி தாவிப் பயணம் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, புதுதில்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் இரண்டிலும், தெருவோரம் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51லும் இந்த மரபணு இருப்பதைக் காட்டியது.

தங்கள் செய்தியில் வந்த முதியவரின் புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பாக்டீரியாவின் முக்கிய மரபுப் பொருளுக்கு வெளியே பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்கள் உள்ளன. இரண்டு பாக்டீரியாக்கள் அருகருகே வரும்போது ஒன்று மற்றொன்றுக்கு ஒரு நுண் குழாயை நீட்டி, பிளாஸ்மிட்டின் நகலைக் கொடுத்துவிடுகிறது. தாய் மகளுக்குக் கொடுப்பதுபோல் மட்டுமன்றி, அண்டை வீட்டாருக்கும் முன்பின் அறியாதவருக்கும் கொடுக்கிறது, ஈ.கோலை என்ற இனம் கிளெப்சியெல்லா என்ற வேறு இனத்துக்கும் கொடுக்கும். நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் நெருங்கி வாழ்கின்றன. இப்பரிமாற்றத்துக்கு அதைவிட வசதியான சந்தை வேறில்லை. என்.டி.எம். மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் பெரும்பாலும் வேறு பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்களையும் ஒரே மூட்டையாகச் சுமந்திருக்கிறது. எனவே சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் தேவையின்றி எடுக்கும் சாதாரண மாத்திரைகூட, அந்த மூட்டையைச் சுமக்கும் கிருமியை வாழவைத்து மற்றவற்றைக் கொல்லும். மெரோபெனம் என்ற பெயரைக்கூடக் கேட்டிராதவர் குடலில் மெரோபெனத்தை வெட்டும் கிருமி குடியேறி அமைதியாக இருக்கும். அவர் நோயாளி அல்லர், கிருமியைச் சுமப்பவர் மட்டுமே. அறுவை சிகிச்சை, சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர் என்று ஏதேனும் ஒரு வாசல் திறக்கும் நாளில்தான் அது இரத்தத்துக்கோ சிறுநீர்ப் பாதைக்கோ நுரையீரலுக்கோ வருகிறது. அல்லது, இன்னும் எளிதாக, பக்கத்துப் படுக்கைக்காரரிடமிருந்து கழுவப்படாத கை வழியாக, படுக்கைக் கம்பி வழியாக, கைகழுவும் தொட்டியின் வடிகாலில் படிந்த பாசி போன்ற கிருமிப் படலம் வழியாக மருத்துவமனையிலேயே வந்து சேருகிறது.

ஆகவே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: கார்பபெனம் எதிர்ப்பு நம் நாட்டில் பெரும்பாலும் நோயாளியின் உடலில் புதிதாக உருவாவதன்று; அது அவருக்குத் தொற்றுவது. தொற்றும் ஒன்றைத் தடுக்க, மாத்திரையை முழுதாக முடிக்கச் சொல்லும் அறிவுரை மட்டும் போதாது.

2006இல் இஸ்ரேல் மருத்துவமனைகளில் கே.பி.சி. நொதி கொண்ட கிளெப்சியெல்லா பரவத் தொடங்கி, 2007 மார்ச் மாத இறுதிக்குள் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகளிடம் காணப்பட்டது. அந்நாடு புதிய மருந்துக்காகக் காத்திருக்கவில்லை. இக்கிருமியைச் சுமக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் அரசுக்குத் தெரிவிப்பதும், அவர்களைத் தனியே வைத்து, அவர்களுக்கென்றே செவிலியரை ஒதுக்குவதும் கட்டாயமாக்கப்பட்டன. ஆணையிடும் அதிகாரம் கொண்ட ஒரு குழு மருத்துவமனைகளை நேரில் கண்காணித்தது. ஒரு லட்சம் நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தால் அது ஒரு நோயாளி-நாள்) 55.5 ஆக இருந்த மாதாந்தரப் புதிய பாதிப்பு, 2008 மே மாதத்தில் 11.7ஆகக் குறைந்தது. நம்முடைய கூட்டமும் இடநெருக்கடியும் வேறு என்பதை நான் அறிவேன். ஒரு கட்டிலுக்கு இருவர் படுத்த வார்டுகளிலிருந்து வந்த மாதிரிகளைத்தான் நான் பரிசோதித்திருக்கிறேன். ஆயினும் பரவலை நிறுத்தினால் எதிர்ப்பு குறையும் என்பது அங்கே கண்கூடாக நிறுவப்பட்டது.

இனி என் சொந்த மனக்குறை ஒன்றையும் சொல்ல அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காவின் கணவர் சிறுநீரகக் கல் தொல்லையும் காய்ச்சலுமாக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நான் வெளியூரிலிருந்து போய்ச் சேருவதற்குள் இரண்டு நாட்கள் ஆகிவிட்டன. மெரோபெனம் முதல் நாளிலேயே தொடங்கப்பட்டிருந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையான கல்ச்சருக்குச் சிறுநீரும் இரத்தமும் எடுத்தீர்களா என்று கேட்டேன். காய்ச்சல் குறையாவிட்டால் எடுப்போம் என்றார்கள். எட்டாம் நாள் எடுத்தார்கள். அதற்குள் ஓடிய மருந்து இரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவிடவில்லை. சிறுநீரில் வளர்ந்த கிளெப்சியெல்லாவின் ரிப்போர்ட்டிலோ மேலிருந்து கீழ்வரை, மருந்துக்குக் கட்டுப்படாது என்று பொருள்படும் 'ஆர்' என்ற எழுத்தே நின்றது. அவர் கொண்டு வந்த கிருமியா அது, அங்கே தொற்றிய கிருமியா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. முதல் நாள் மாதிரி இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கொலிஸ்டின் என்ற மருந்தைக் கொடுத்து அவர் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முதல் ஊசி ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டு ஒரு குப்பியில் இரத்தம் எடுத்திருக்கலாம் என்பதை என்னால் இன்றும் மறக்க இயலவில்லை. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு ரிப்போர்ட் வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது கொலைக்குச் சமம். மாதிரியை எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குங்கள், ரிப்போர்ட் வந்ததும் மருந்தை மாற்றுங்கள் அல்லது நிறுத்துங்கள் என்றே கேட்கிறேன்.

கல்ச்சர் மட்டுமன்றி, எந்த நொதி என்பதும் இன்று சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற விலையுயர்ந்த ஊசி கே.பி.சி., ஆக்ஸா-48 ஆகியவற்றை முடக்கும். துத்தநாகம் கொண்ட என்.டி.எம்.மை அது ஒன்றும் செய்யாது. அஸ்ட்ரியோனாம் என்ற மருந்தை என்.டி.எம். வெட்டுவதில்லை, ஆனால் உடன் இருக்கும் மற்ற நொதிகள் வெட்டிவிடும், அவற்றை அவிபாக்டம் தடுக்கும் என்பதால் அஸ்ட்ரியோனாமையும் அந்த ஊசியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நம் நாட்டுக் கிருமிகளில் என்.டி.எம்.மும் ஆக்ஸா-48 வகையும் தனித்தும் சேர்ந்தும் பரவலாக இருப்பதால், நொதி தெரியாமல் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் ஊசியை மட்டும் போடுவது குடும்பத்தின் நகையை அடகு வைத்துப் பயனில்லாத மருந்தை வாங்குவதாக முடியலாம்.

சட்டமும் அறிக்கைகளும் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2012 ஆகஸ்டில் பல மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' இச்சிக்கலைத் தேசிய அளவில் பேசவைத்தது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த, மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்-1 அட்டவணையில் இமிபெனம், மெரோபெனம் உள்ளிட்ட மருந்துகள் உள்ளன. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மருந்தெதிர்ப்பைத் தடுப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2017இல் வந்தது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், இமிபெனத்துக்குக் கட்டுப்படும் கிளெப்சியெல்லாவின் பங்கு 2017இல் பாதிக்கு மேல் இருந்தது, 2023இல் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இவை பெரிய மருத்துவமனைகளின் கணக்குகள் என்பதால் ஊர் முழுதும் இதே அளவு என்று கொள்ளக் கூடாது. எனினும் போகும் திசை தெளிவு. மெரோபெனம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரை அல்ல. மருத்துவமனையில் ஏறும் ஊசி. ஆதலால் கடைக்காரரையும் நோயாளியையும் மட்டும் நோக்கி நீளும் விரல் மருத்துவமனைகளையும் நோக்கித் திரும்ப வேண்டும்.

மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் தங்கள் ஆய்வகத்தில் கடந்த ஆண்டு எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது என்னும் பட்டியலை, அதாவது ஆன்டிபயோகிராமை, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அண்டை மாநிலமான கேரளம் 2018இல் தனக்கென்று செயல்திட்டம் வகுத்து, மாநில அளவிலான ஆன்டிபயோகிராமையும் வெளியிட்டிருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனை எதிலும் இரவு நேரத்தில் வரும் நோயாளிக்கும் இரத்தக் கல்ச்சர் எடுக்க ஆளும் குப்பியும் இருக்க வேண்டும். கார்பபெனம் எதிர்ப்புக் கிருமி காணப்பட்ட நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது, அத்தகவலை முதல் பக்கத்தில் எழுதி அனுப்புவது கட்டாயமாக்கப்பட வேண்டும். இன்று அந்தத் தகவல் ஆம்புலன்சில் ஏறுவதில்லை. கிருமி மட்டும் ஏறுகிறது.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். அந்த முதியவரின் குடும்பத்தார் செய்தியைப் படித்திருப்பார்கள். அவர் தம் பழக்கத்தால் இதை வரவழைத்துக்கொள்ளவில்லை என்பதை அவர்கள் அறியும்படி ஒரு திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன். இனி இத்தகைய செய்தியை எழுதும் நிருபர், முதல் ஊசிக்கு முன் கல்ச்சர் எடுக்கப்பட்டதா, கிருமியிடம் காணப்பட்ட நொதி எது, அதே வார்டில் வேறு எவருக்கேனும் அக்கிருமி இருந்ததா என்ற மூன்றையும் மருத்துவமனையிடம் கேட்டு, கிடைத்த பதிலையோ பதில் கிடைக்கவில்லை என்பதையோ செய்தியிலேயே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்,
மதுரை.